லினக்ஸில் பில்ட் ஆகிறது, விண்டோஸில் உடைகிறது: சிமேக் சிக்கல்களை அறிகுறி வைத்துப் பிடிப்பது

ஒரு சி++ லைப்ரரியை லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் பில்ட் ஆகும் நிலையில் வைத்திருப்பது தனி உழைப்பு. சிஐ (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பு) சிவப்பானதும் பெரும்பாலானவர்களின் கை நேராக ‘இஃப்(வின்32)’, அதாவது ‘விண்டோஸ் என்றால் மட்டும்’ என்ற நிபந்தனையை எழுதத்தான் போகிறது. அந்த வரி அன்றைய சிவப்பைப் பச்சையாக்கிவிடும். ஆனால் அப்படி வரிகள் சேர்ந்துபோன, பில்ட் கருவியான சிமேக் படிக்கும் சிமேக்லிஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் தெரியும்: எது எதற்காக இருக்கிறது என்று எழுதியவருக்கே நினைவிருக்காது, எடுத்துப் பார்க்கவும் பயமாக இருக்கும்.

இதற்கு நான் ஒரே ஒரு வழக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன். ஒரு இயங்குதளத்தில் பில்ட் உடைந்தால், தவறு பெரும்பாலும் எல்லா இயங்குதளத்திலும் இருக்கிறது. மற்றவை அதைப் பொறுத்துக்கொண்டு போகின்றன, அவ்வளவுதான். அதனால் ‘இங்கே ஏன் உடைகிறது’ என்று தேடுவதோடு ‘அங்கே ஏன் ஓடுகிறது’ என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், எழுத வந்த ‘இஃப்’ தேவைப்படாமலே போய்விடும்.

கீழே உள்ள தலைப்புகளில் உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் தாண்ட வேண்டாம்.

## எதையும் திருத்துவதற்கு முன்

சிமேக் தான் ஒருமுறை கண்டுபிடித்ததை எல்லாம் சிமேக்கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். கம்பைலரை மாற்றினாலும், வேறு பதிப்பு லைப்ரரியை நிறுவினாலும், பழைய பதில்தான் திரும்ப வரும். பதிப்பு 3.24 முதல் ‘--ஃப்ரெஷ்’ என்று கொடுத்தால் அந்தக் கோப்பை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். அதற்கு முந்தைய பதிப்பு என்றால் பில்ட் ஃபோல்டரையே அழித்துவிடுங்கள்.

அடுத்தது, கம்பைலருக்கு உண்மையில் என்ன போகிறது என்று பாருங்கள். ‘சிமேக் --பில்ட்’ கட்டளையோடு ‘--வெர்போஸ்’ சேர்த்தால் ஒவ்வொரு கோப்புக்கும் போகும் முழு வரியும் திரையில் வரும். உடைகிற இயங்குதளத்தின் வரியையும் ஓடுகிற இயங்குதளத்தின் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பாதிச் சிக்கல்கள் இங்கேயே தெரிந்துவிடும்: வரவேண்டிய ஒரு இன்க்ளூட் பாதை வந்திருக்காது, அல்லது யாரும் கேட்காத ஒரு ஃபிளாக் வேறெங்கிருந்தோ ஒட்டிக்கொண்டிருக்கும். சிஎஃப்லேக்ஸ், சிஎக்ஸ்எக்ஸ்ஃப்லேக்ஸ் என்ற சூழல் மாறிகளை முதல்முறை கான்ஃபிகர் செய்யும்போது சிமேக் எடுத்துக்கொள்ளும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. விஷுவல் ஸ்டூடியோவும் எக்ஸ்கோடும் பல கான்ஃபிகரேஷன்களை ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கும் ஜெனரேட்டர்கள். அங்கே ‘சிமேக்_பில்ட்_டைப்’ கொடுத்தால் அது கண்டுகொள்ளப்படாது. பில்ட் செய்யும்போது ‘--கான்ஃபிக் ரிலீஸ்’ என்றும், சிடெஸ்ட்டுக்கு ‘-சி ரிலீஸ்’ என்றும் சொல்ல வேண்டும். சாதாரண நிஞ்சாவிலும் மேக்ஃபைலிலும் நேர் எதிர்: ‘சிமேக்_பில்ட்_டைப்’ காலியாக இருந்தால் எந்த ஆப்டிமைசேஷன் ஃபிளாகும் போகாது. ‘விண்டோஸில் மட்டும் மெதுவாக இருக்கிறது’, ‘லினக்ஸில் மட்டும் மெதுவாக இருக்கிறது’ என்று வரும் புகார்களில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

## கான்ஃபிகர் ஆகும்போதே நிற்கிறது: ‘3.5-க்குக் கீழான பொருத்தம் நீக்கப்பட்டது’

நேற்று வரை ஓடியது, கருவியைப் புதுப்பித்ததும் நின்றுவிட்டது என்றால் இதுதான். 2025 மார்ச்சில் வந்த சிமேக் 4.0, குறைந்தபட்சப் பதிப்பு 3.5-க்குக் கீழே என்று சொல்லும் புராஜெக்ட்டுகளை ஏற்பதில்லை. உங்கள் சொந்தக் கோப்பில் சரியாக இருந்தாலும், உள்ளே இழுத்து வைத்திருக்கும் ஏதோ ஒரு பழைய சார்பு லைப்ரரி 2.8 என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

அவசரத்துக்கு ‘சிமேக்_பாலிசி_வெர்ஷன்_மினிமம்’ என்ற மாறியை 3.5 என்று கட்டளையில் கொடுத்தால் நகரும். அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். சரியான வழி, ‘சிமேக்_மினிமம்_ரெக்வயர்ட்’ வரியில் 3.15...4.0 என்பதுபோல் வீச்சு கொடுப்பது. முதல் எண்ணுக்குக் கீழே இருந்தால் சிமேக் மறுக்கும். இரண்டாவது எண் வரையிலான புதிய நடத்தைகளை ஏற்றுக்கொள்ளும். இங்கே கவனம் தேவை. அந்த எண்ணை உயர்த்தினால் பாலிசிகள் (பழைய நடத்தையா புதியதா என்று சிமேக் வைத்திருக்கும் தேர்வுகள்) மாறும், பாலிசி மாறினால் ஃபிளாகுகள் மாறும். உயர்த்துவதைத் தனி கமிட்டாகச் செய்து, மூன்று இயங்குதளத்திலும் வெர்போஸ் வரிகளை முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

## லினக்ஸில் மட்டும் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’

மேக்கில் சுத்தமாக லிங்க் ஆகிறது. உபுண்டு 22.04-லும் ஆகிறது. உபுண்டு 20.04-ல் மட்டும், த்ரெட்டைத் தொடங்கும் ‘பித்ரெட்_கிரியேட்’ கிடைக்கவில்லை என்கிறது. உபுண்டு பழசாகிவிட்டது, விட்டுவிடலாம் என்று தோன்றும். அங்கே ஏன் ஓடுகிறது என்று கேட்டால் கதை வேறு. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) 2.34-ல் த்ரெட் லைப்ரரியைத் தனியாக வைக்காமல் முதன்மை சி லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். 20.04-ல் இருப்பது 2.31, 22.04-ல் 2.35. அதாவது, த்ரெட் வேண்டும் என்று உங்கள் டார்கெட் (சிமேக் பில்ட் செய்யும் லைப்ரரி அல்லது நிரல்) எங்குமே சொல்லவில்லை. புதிய உபுண்டு கேட்காமலே கொடுத்துவிட்டது. ‘ஃபைண்ட்_பேக்கேஜ்(த்ரெட்ஸ்)’ போட்டு, ‘த்ரெட்ஸ்::த்ரெட்ஸ்’ என்ற டார்கெட்டை லிங்க் செய்யுங்கள். எந்த இயங்குதளத்தில் என்ன ஃபிளாக் தேவையோ அதை அதுவே பார்த்துக்கொள்ளும். நிரல் ஓடும்போது லைப்ரரியை ஏற்றும் ‘டிஎல்ஓபன்’ பயன்படுத்தினால் ‘சிமேக்_டிஎல்_லிப்ஸ்’ மாறியும் இதே மாதிரிதான்.

சி மொழியில் மட்டும் எழுதிய லைப்ரரியில் கணிதச் சார்புகளுக்கும் இது வரும். சி++ கம்பைலரான ஜி++ கணித லைப்ரரியைத் தானே சேர்த்துக்கொள்ளும், சி கம்பைலரான ஜிசிசி சேர்க்காது. இங்கே ‘இஃப்(யூனிக்ஸ்)’ எழுத வேண்டாம். ‘ஃபைண்ட்_லைப்ரரி’யால் ‘எம்’ என்ற பெயரில் ஒரு லைப்ரரி இருக்கிறதா என்று தேடி, இருந்தால் சேருங்கள். தேவையை நேரடியாகக் கேட்பது இயங்குதளத்தின் பெயரைக் கேட்பதைவிட நீண்ட நாள் நிற்கும்.

சார்பு லைப்ரரியும் இருக்கிறது, அதில் சிம்பலும் (தேடப்படும் சார்பு அல்லது மாறியின் பெயர்) இருக்கிறது, ஆனாலும் கிடைக்கவில்லை என்றால் வரிசை தவறு. குனு லிங்க்கர் ஸ்டாட்டிக் ஆர்கைவுகளை (நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடும் லைப்ரரிகள்) இடமிருந்து வலமாக ஒருமுறை கடக்கும். அந்த நேரத்தில் யாருக்குத் தேவையோ அவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கும். பந்தியில் சாம்பார் வாளி போனபின் உட்கார்ந்தவர் நிலைதான் பின்னால் வரும் கோப்புக்கு. மேக் லிங்க்கரும் மைக்ரோசாஃப்ட் லிங்க்கரும் வரிசை பார்ப்பதில்லை, அதனால் அங்கே தெரியாது. ‘டார்கெட்_லிங்க்_லைப்ரரீஸ்’ வழியாக எது எதைச் சார்ந்தது என்று சொல்லியிருந்தால் சிமேக்கே வரிசைப்படுத்தும். ‘சிமேக்_எக்ஸ்இ_லிங்க்கர்_ஃப்லேக்ஸ்’ மாறிக்குள் லைப்ரரிப் பெயரைத் திணித்திருந்தால்தான் இந்தத் தொல்லை வரும், ஏனென்றால் அந்த ஃபிளாகுகள் ஆப்ஜெக்ட் கோப்புகளுக்கு முன்னால் போய் நிற்கும்.

‘எஃப்பிஐசி கொடுத்து மறுபடி கம்பைல் செய்’ என்று லிங்க்கர் சொன்னால், ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரியை ஷேர்டு லைப்ரரிக்குள் (ஓடும்போது ஏற்றப்படும் தனிக் கோப்பு) சேர்க்கிறீர்கள் என்று பொருள். அந்த ஸ்டாட்டிக் டார்கெட்டில் ‘பொசிஷன்_இன்டிபென்டன்ட்_கோட்’ பண்பை ஆன் செய்தால் போதும்.

## விண்டோஸில் டிஎல்எல் உருவாகிறது, லிப் கோப்பு உருவாகவில்லை

இதுதான் லினக்ஸில் வளர்ந்த லைப்ரரிகள் விண்டோஸில் முதலில் முட்டிக்கொள்ளும் இடம். டிஎல்எல் (விண்டோஸின் ஷேர்டு லைப்ரரி) லிங்க் ஆகிவிடும், எச்சரிக்கைகூட வராது. அதைப் பயன்படுத்தும் டெஸ்ட் நிரலை லிங்க் செய்யும்போது எல்என்கே1104 பிழை: உங்கள் லைப்ரரியின் லிப் கோப்பை (டிஎல்எல்லோடு லிங்க் செய்யத் தேவையான துணைக் கோப்பு) திறக்க முடியவில்லை. பாதை தவறு என்று நினைத்து மணிக்கணக்கில் ஃபோல்டர்களைத் தேடுவார்கள். அந்தக் கோப்பு எங்கேயும் இல்லை.

விஷுவல் ஸ்டூடியோ கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ‘டம்ப்பின் /எக்ஸ்போர்ட்ஸ்’ கட்டளையை டிஎல்எல் மீது ஓட்டிப் பாருங்கள். பட்டியல் காலியாக இருக்கும். லினக்ஸில் ஜிசிசி எல்லாச் சிம்பலையும் வெளியே காட்டும். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் நீங்கள் சொன்னதை மட்டும்தான் காட்டும். எதையும் சொல்லாததால் எக்ஸ்போர்ட் எதுவும் இல்லை. எக்ஸ்போர்ட் இல்லாத டிஎல்எல்லுக்கு லிங்க்கர் லிப் கோப்பை உருவாக்குவதே இல்லை.

‘சிமேக்_விண்டோஸ்_எக்ஸ்போர்ட்_ஆல்_சிம்பல்ஸ்’ என்ற மாறியை ஆன் செய்தால் உடனே வேலை நடக்கும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. குளோபல் மாறிகளுக்கு அது முழுதாகப் போதாது, பயன்படுத்துபவர் பக்கத்தில் ‘டிஎல்எல்இம்போர்ட்’ குறி இன்னமும் வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், உங்கள் லைப்ரரியின் வெளிமுகம் எது, உள்வேலை எது என்ற முடிவைத் தள்ளிப்போடுகிறது. இன்று உள்வேலைக்கு எழுதிய சார்பை நாளை யாரோ பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், அதன் பிறகு அதை நீக்க முடியாது.

சரியான வழி ‘ஜெனரேட்_எக்ஸ்போர்ட்_ஹெடர்’. உங்கள் டார்கெட் பெயரில் ஒரு ஹெடரை உருவாக்கித் தரும். அதில் உள்ள எக்ஸ்போர்ட் மேக்ரோவை, வெளியே தெரிய வேண்டிய ஒவ்வொரு கிளாஸுக்கும் சார்புக்கும் முன்னால் போடுங்கள். அதோடு நிறுத்திவிடக் கூடாது. லினக்ஸிலும் மேக்கிலும் ‘சிஎக்ஸ்எக்ஸ்_விசிபிலிட்டி_ப்ரீசெட்’ பண்பை ‘ஹிடன்’ என்று வையுங்கள், ‘விசிபிலிட்டி_இன்லைன்ஸ்_ஹிடன்’ பண்பையும் ஆன் செய்யுங்கள். இப்போது லினக்ஸும் விண்டோஸ் மாதிரியே கண்டிப்பாக இருக்கும். மேக்ரோ போட மறந்தால் உங்கள் சொந்தக் கணினியிலேயே லிங்க் உடையும், விண்டோஸ் சிஐ ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதைச் செய்தபின் பலருக்கு வரும் அடுத்த அறிகுறி: ஷேர்டு பில்ட் ஓடுகிறது, ஸ்டாட்டிக் பில்ட் உடைகிறது. பிழைச் செய்தியை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். கிடைக்கவில்லை என்று சொல்லும் சிம்பலின் பெயருக்கு முன்னால் ‘__இம்ப்_’ என்ற ஒட்டு இருக்கிறதா? இருந்தால் காரணம் உறுதி. பயன்படுத்துபவரின் கம்பைலர் உங்கள் ஹெடரைப் படித்து, இது டிஎல்எல்லில் இருந்து வரும் சார்பு என்று நம்பிவிட்டது. ஸ்டாட்டிக் லைப்ரரியில் அந்த ஒட்டுள்ள சிம்பல் இருக்காது. உருவாக்கப்பட்ட ஹெடரில், உங்கள் டார்கெட் பெயரோடு ‘_ஸ்டாட்டிக்_டிஃபைன்’ என்று முடியும் ஒரு மேக்ரோ இதற்காகவே இருக்கிறது. ஸ்டாட்டிக்காக பில்ட் செய்யும்போது அதை ‘டார்கெட்_கம்பைல்_டெஃபினிஷன்ஸ்’ மூலம் ‘பப்ளிக்’ என்று கொடுங்கள். ‘பிரைவேட்’ என்று கொடுத்தால் உங்கள் பக்கம் மட்டும் சரியாகும், பயன்படுத்துபவர் பக்கம் அப்படியே உடைந்திருக்கும்.

## எல்என்கே2038: ரன்டைம் பொருந்தவில்லை

ஒரு லைப்ரரி ‘/எம்டி’யிலும் இன்னொன்று ‘/எம்டி’யிலும் என்று தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்: ஒன்று சி++ ரன்டைமை (நிரல் ஓடத் தேவையான அடிப்படை லைப்ரரி) டிஎல்எல்லாக எடுக்கிறது, மற்றது ஸ்டாட்டிக்காக உள்ளே சேர்த்துக்கொள்கிறது. டிபக்குக்கும் ரிலீஸுக்கும் தனித்தனி ரன்டைம் வேறு. இந்த நான்கில் எல்லாரும் ஒன்றையே எடுக்க வேண்டும்.

சிமேக் 3.15 முதல் ‘சிமேக்_எம்எஸ்விசி_ரன்டைம்_லைப்ரரி’ என்ற மாறி இதை முடிவு செய்கிறது. குறைந்தபட்சப் பதிப்பு 3.15-க்குக் கீழே இருந்தால் சிஎம்பி0091 பாலிசி பழையபடி இருக்கும், மாறியை வைத்தாலும் கேட்காது. லைப்ரரி எழுதுபவர் இந்த மாறியைத் தன் கோப்பில் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது முழு நிரலையும் சேர்த்து வைப்பவர் எடுக்க வேண்டிய முடிவு. விசிபிகேஜி என்ற பேக்கேஜ் மேலாளரைப் பயன்படுத்துபவர்களுக்கு: ‘எக்ஸ்64-விண்டோஸ்-ஸ்டாட்டிக்’ டிரிப்ளெட் (இயங்குதள அமைப்பின் பெயர்) ரன்டைமையும் ஸ்டாட்டிக்காக எடுக்கும். லைப்ரரி மட்டும் ஸ்டாட்டிக்காகவும் ரன்டைம் டிஎல்எல்லாகவும் வேண்டுமென்றால் அதே பெயரின் இறுதியில் ‘-எம்டி’ என்று வரும் டிரிப்ளெட்டை எடுங்கள்.

## பில்ட் ஆகிறது, டெஸ்ட் பச்சை, ஆனால் ஒரு வசதி காணோம்

எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தரும் அறிகுறி இது, ஏனென்றால் சத்தமே இருக்காது. ‘செக்_சி_சோர்ஸ்_கம்பைல்ஸ்’ போன்ற சோதனைகள் ஒரு சிறு நிரலைக் கம்பைல் செய்து பார்க்கும். ஆகிவிட்டால் வசதி இருக்கிறது, ஆகாவிட்டால் இல்லை. ஏன் ஆகவில்லை என்று அது கேட்பதில்லை. ஹெடர் விட்டுப்போயிருக்கலாம், பயன்படுத்தாத மாறி என்ற எச்சரிக்கையை ‘-டபிள்யூஎரர்’ பிழையாக்கியிருக்கலாம், சோதனை நிரலிலேயே எழுத்துப் பிழை இருக்கலாம். எல்லாவற்றுக்கும் பதில் ஒன்றுதான்: வசதி இல்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, கோப்புகளைச் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட் யூடில்ஸில் நடந்ததே சாட்சி. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் அதிலிருந்த பின்கதவை (ரகசியமாக உள்ளே நுழையும் வழியை) வெளிப்படுத்தினார். பின்கதவு நுழைந்த வழி, வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்த ஒரு எம்4 பில்ட் ஸ்கிரிப்ட். அதற்குப் பிறகு கோப்புகளைத் துருவியபோது சிமேக்லிஸ்ட்ஸிலும் ஒன்று அகப்பட்டது. லினக்ஸின் லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரலுக்குள், இன்க்ளூட் வரிகளுக்கும் சார்புக்கும் இடையில், தனி வரியில் ஒற்றைப் புள்ளி. அந்தப் புள்ளியால் சோதனை நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. அதனால் சிமேக் வழியாக பில்ட் செய்தால் லேண்ட்லாக் பாதுகாப்பு எப்போதும் அணைந்தே இருக்கும். அந்த ஆண்டு பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட கமிட் அது. எந்த பில்டும் உடையவில்லை. டிஃப்பில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியை யார் பார்ப்பார்கள்?

அதனால் செய்ய வேண்டியவை. சோதனை தோற்றதன் உண்மையான காரணத்தைப் படியுங்கள்: பில்ட் ஃபோல்டரில் சிமேக்ஃபைல்ஸ் என்ற துணை ஃபோல்டருக்குள், பதிப்பு 3.26 முதல் ‘சிமேக்கான்ஃபிகர்லாக்’ என்ற யாமல் கோப்பு இருக்கும். முந்தைய பதிப்புகளில் ‘சிமேக்எரர்’ என்ற லாக் கோப்பு. கம்பைலர் சொன்ன பிழை முழுதாக அதில் இருக்கும். ‘அந்த ஹெடர் இல்லை’ என்று இருந்தால் நியாயமான தோல்வி. தொடரியல் பிழை என்று இருந்தால் உங்கள் சோதனைதான் உடைந்திருக்கிறது. சோதனையைத் திருத்தியபின் கேஷில் உள்ள பழைய பதிலை நீக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அது மறுபடி ஓடவே ஓடாது.

இதைத் தானாகப் பிடிக்கவும் வழி உண்டு. சிஐயில் ஒவ்வொரு இயங்குதளத்திலும் எந்தெந்த வசதி இருந்தே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த மாறி ஆஃப் ஆக இருந்தால் ‘மெசேஜ்(ஃபேட்டல்_எரர்)’ போடும் ஒரு கண்டிப்பு முறையை ஆப்ஷனாக வையுங்கள். பயனர்களுக்கு அது ஆஃப், சிஐயில் ஆன். புதிய சோதனை சேர்க்கும்போது, அது வெற்றி பெறும் இயங்குதளம் ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மெர்ஜ் செய்ய வேண்டும்.

## விண்டோஸில் தமிழ் எழுத்துகள் உடைகின்றன

தமிழ் உரையைக் கையாளும் லைப்ரரி எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். கோப்பு யுடிஎஃப்-8, லினக்ஸில் டெஸ்ட் எல்லாம் பச்சை. விண்டோஸில் சில டெஸ்ட் மட்டும் சிவப்பு. சிலது ஓடுகிறது என்பதுதான் குழப்பம்.

கோப்பின் தொடக்கத்தில் யூனிகோடு என்று காட்டும் பிஓஎம் குறி இல்லாவிட்டால், மைக்ரோசாஃப்ட் கம்பைலர் அதைக் கணினியின் கோட்பேஜில் (எந்த பைட் எந்த எழுத்து என்ற பழைய அட்டவணை) இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஆங்கில விண்டோஸில் அது 1252. ‘அ’ என்ற எழுத்து யுடிஎஃப்-8-ல் மூன்று பைட். சாதாரண மேற்கோள் சரத்தில் அந்த மூன்று பைட்டும் 1252-ல் உள்ளே போய், 1252-ஆகவே வெளியே வருவதால் தற்செயலாகத் தப்பித்துவிடும். ‘யு8’ முன்னொட்டுள்ள சரத்தில் கம்பைலர் அந்த மூன்றையும் மூன்று லத்தீன் குறிகளாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் தனியாக யுடிஎஃப்-8-க்கு மாற்றும். மூன்று பைட் ஏழு பைட்டாகிவிடும். நீளம் பார்க்கும் டெஸ்ட்டில் 3 எதிர்பார்த்த இடத்தில் 7 வந்தால் சந்தேகமே வேண்டாம்.

‘/யுடிஎஃப்-8’ ஃபிளாகைக் கம்பைலர் எம்எஸ்விசி (மைக்ரோசாஃப்ட் கம்பைலர்) ஆக இருக்கும்போது மட்டும் போகும்படி ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷனில் (பில்ட் கோப்புகள் உருவாகும்போது சிமேக் மதிப்பிடும் நிபந்தனை) கொடுங்கள். இங்கே ‘இஃப்(வின்32)’ தவறாகவும் போகும், ஏனென்றால் விண்டோஸில் மிங்டபிள்யூ பயன்படுத்துபவரின் ஜிசிசிக்கு அந்த ஃபிளாக் புரியாது. பொது ஹெடரிலேயே தமிழ்ச் சரங்கள் இருந்தால் ‘பப்ளிக்’ ஆகக் கொடுக்க வேண்டிவரும்; முடிந்தால் அவற்றை ஹெடரிலிருந்து நகர்த்திவிடுங்கள்.

இதே இனத்தில் இரண்டு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 64-பிட் விண்டோஸில் ‘லாங்’ 4 பைட், லினக்ஸிலும் மேக்கிலும் 8. ஆர்ம் லினக்ஸில் ‘சார்’ குறியற்றது, இன்டெல் லினக்ஸில் குறியுள்ளது. ஆப்பிளின் ஆர்மிலும் குறியுள்ளதுதான். தமிழ் பைட்டுகள் எல்லாம் 127-க்கு மேலே இருப்பதால் ‘சார்’ வித்தியாசம் நம்மை நேராக அடிக்கும். இன்டெல் கணினியிலேயே ‘-எஃப்அன்சைன்ட்-சார்’ கொடுத்து ஒருமுறை டெஸ்ட் ஓட்டினால், ஆர்ம் கணினி கையில் இல்லாமலே பிடித்துவிடலாம்.

## பில்ட் ஆகிறது, ஓட்டினால் லைப்ரரி கிடைக்கவில்லை

பில்ட் ஃபோல்டரில் ஓடி, நிறுவியபின் ஓடாவிட்டால் காரணம் ஆர்பாத்: ஷேர்டு லைப்ரரிகளை எங்கே தேட வேண்டும் என்று நிரலுக்குள் எழுதியிருக்கும் பாதை. பில்ட் செய்யும்போது சிமேக் முழுப் பாதைகளை எழுதி வைக்கும், நிறுவும்போது அவற்றை நீக்கிவிடும். லினக்ஸில் ‘ரீட்எல்ஃப் -டி’, மேக்கில் ‘ஓடூல் -எல்’ கொண்டு நிறுவிய கோப்பையே பாருங்கள். நிரலையும் லைப்ரரியையும் சேர்த்து ஒரே தொகுப்பாக வழங்கினால், ‘இன்ஸ்டால்_ஆர்பாத்’ பண்பில் லினக்ஸுக்கு ‘டாலர் ஆரிஜின்’ தொடங்கியும் மேக்குக்கு ‘@லோடர்_பாத்’ தொடங்கியும், அந்தக் கோப்பு இருக்கும் இடத்தை வைத்துச் சொல்லும் பாதை கொடுங்கள். முழுப் பாதையை எழுதினால் உங்கள் கணினியில் மட்டும்தான் ஓடும்.

விண்டோஸில் ஆர்பாத் என்ற ஒன்றே கிடையாது. டெஸ்ட் 0xசி0000135 என்ற குறியோடு விழுந்தால் டிஎல்எல் கிடைக்கவில்லை. டெஸ்ட் நிரல் இருக்கும் ஃபோல்டருக்கே டிஎல்எல்லை நகலெடுப்பதுதான் எளிது, 3.21 முதல் ‘டார்கெட்_ரன்டைம்_டிஎல்எல்ஸ்’ எக்ஸ்பிரஷன் பட்டியலைத் தந்துவிடும்.

மேக்கில் ‘ஆர்ம்64-க்கு இந்தச் சிம்பல்கள் இல்லை’ என்று வந்தால், அதற்குச் சற்று மேலே ஒரு எச்சரிக்கை இருக்கும்: ஏதோ ஒரு கோப்பு எக்ஸ்86-64-க்கு பில்ட் ஆனது, அதனால் ஒதுக்கப்பட்டது என்று. மேக்கின் பேக்கேஜ் மேலாளரான ஹோம்ப்ரூ, இன்டெல் மேக்கில் /யுஎஸ்ஆர்/லோக்கல் ஃபோல்டரிலும், ஆப்பிள் சிலிக்கானில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ ஃபோல்டரிலும் நிறுவும். பழைய மேக்கிலிருந்து எல்லாவற்றையும் நகர்த்தியவர்களிடம் இரண்டும் இருக்கும். ‘--டிபக்-ஃபைண்ட்’ கொடுத்தால் சிமேக் எங்கெங்கே தேடி எதை எடுத்தது என்று வரிசையாகச் சொல்லும்.

‘ஜிலிப்சி_2.34 கிடைக்கவில்லை’ என்று பயனர் சொன்னால் நீங்கள் புதிய லினக்ஸில் பில்ட் செய்து பழைய லினக்ஸுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஆதரிக்க வேண்டிய மிகப் பழைய பதிப்பிலேயே பில்ட் செய்யுங்கள். பைத்தான் உலகின் மெனிலினக்ஸ்2014 கன்டெய்னர் சென்ட்ஓஎஸ் 7-ஐயும் ஜிலிப்சி 2.17-ஐயும் அடிப்படையாகக் கொண்டது இதற்காகத்தான். ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று விழுந்தால் பில்ட் செய்யும் கணினியின் பிராசஸருக்கே ஏற்ப நிரலை உருவாக்கும் ‘-மார்ச்=நேட்டிவ்’ ஃபிளாகை யாரோ போட்டிருக்கிறார்கள். எடுத்துவிடுங்கள்.

## தனியாக பில்ட் ஆகிறது, இன்னொருவர் புராஜெக்ட்டில் சேர்த்தால் உடைகிறது

இதைப் பராமரிப்பவர் கடைசியாகத்தான் தெரிந்துகொள்கிறார், ஏனென்றால் அவரிடம் அது எப்போதும் ஓடும். ‘ஆட்_சப்டைரக்டரி’ மூலம் சேர்க்கும்போது கோப்பு கிடைக்கவில்லை என்றால் ‘சிமேக்_சோர்ஸ்_டிர்’ மாறியைத் தேடுங்கள். அது வெளியிலுள்ள புராஜெக்ட்டின் வேர் ஃபோல்டரைக் காட்டும். ‘புராஜெக்ட்_சோர்ஸ்_டிர்’ என்று மாற்றுங்கள்.

நிறுவிய பேக்கேஜைத் தேடும்போது ‘த்ரெட்ஸ்::த்ரெட்ஸ் என்ற டார்கெட் இல்லை’ என்று வந்தால், உங்கள் கான்ஃபிக் கோப்பில் ‘ஃபைண்ட்_டிபென்டன்சி’ விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் எதைச் சார்ந்திருக்கிறீர்களோ அதைப் பயன்படுத்துபவரும் தேட வேண்டும் அல்லவா. ‘இன்க்ளூட் பாதை சோர்ஸ் ஃபோல்டரைக் காட்டுகிறது’ என்று சிமேக் மறுத்தால், அந்தப் பாதையை ‘பில்ட்_இன்டர்ஃபேஸ்’ எக்ஸ்பிரஷனுக்குள் வையுங்கள், நிறுவியபின் உள்ள பாதையை ‘இன்ஸ்டால்_இன்டர்ஃபேஸ்’ எக்ஸ்பிரஷனுக்குள் வையுங்கள்.

‘-டபிள்யூஎரர்’ ஃபிளாகைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். உங்கள் சிஐயில் வைத்துக்கொள்ளுங்கள், நல்லது. பயனரிடம் அனுப்பாதீர்கள். அடுத்த ஆண்டு வரும் கம்பைலர் புதிதாக ஒரு எச்சரிக்கை கொடுக்கும், உங்கள் லைப்ரரியை நம்பியிருக்கும் ஒருவரின் பில்ட் காரணமே இல்லாமல் நிற்கும். 2023-ல் வந்த ஜிசிசி 13-ல் பல புராஜெக்ட்டுகள் நின்றது வேறு காரணத்தால்: சில தர ஹெடர்கள் ‘சிஎஸ்டிடிஇன்ட்’ ஹெடரைத் தானாக உள்ளே இழுப்பதை நிறுத்திவிட்டன, ‘யுஇன்ட்32_டி’ என்றால் என்ன என்று கம்பைலர் கேட்டது. அந்த இன்க்ளூட் வரியை எழுதாமல் விட்டதைப் பழைய கம்பைலர்கள் பொறுத்துப்போயிருந்தன.

## சிஐயில் எதை ஓட்டுவது

பிரபலமான இயங்குதளங்களை அடுக்குவதைவிட, கண்டிப்பானவற்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலன் அதிகம். பழைய ஜிலிப்சி உள்ள ஒரு கன்டெய்னர். சமீபத்திய ஜிசிசி ஒன்று. விண்டோஸில் ஷேர்டு ஒன்று, ஸ்டாட்டிக் ஒன்று. ஆப்பிள் சிலிக்கான் மேக். நீங்கள் ஆதரிப்பதாக அறிவித்த மிகக் குறைந்த சிமேக் பதிப்பு. இதைப் பலரும் ஓட்டுவதில்லை, அறிவித்த எண் பொய்யாகிவிடுகிறது. இவற்றோடு பத்து வரியில் ஒரு பயனர் புராஜெக்ட் எழுதி, லைப்ரரியை வேறொரு ஃபோல்டரில் நிறுவி, சோர்ஸ் ஃபோல்டரை அழித்துவிட்டு, ‘ஃபைண்ட்_பேக்கேஜ்’ வழியாக அதை பில்ட் செய்து ஓட்டுங்கள்.

இவை எல்லாம் பச்சையானபின், பழைய ‘இஃப்(வின்32)’ வரிகளுக்குத் திரும்புங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நீக்கி சிஐயை ஓட்டுங்கள். பச்சையாகவே இருந்தால் நீக்கம் அப்படியே நிற்கட்டும். சிவப்பானால் வரியைத் திரும்ப வைத்து, அப்போது வந்த பிழைச் செய்தியையும் கம்பைலர் பதிப்பையும் அதன் மேலே கமென்ட்டாக எழுதி வையுங்கள்.